‘ஐடி செக்கை எடுத்துவிடுங்கள்’ என்று சிப் விற்பவர் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்

கோத்தகிரியில் இருந்து எழுதுகிறேன். பழைய கம்ப்யூட்டர்களுக்கு வீட்டிலேயே கார்ட்ரிட்ஜ் செய்பவர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. கார்ட்ரிட்ஜ் என்றால் நிரல் எழுதிய சிப் உள்ளே இருக்கும் சின்னப் பெட்டி, கம்ப்யூட்டரில் செருகினால் அந்த நிரல் ஓடும். இருக்கிற நாங்களும் திரும்பத் திரும்ப அதே நாலைந்து பேரிடம்தான் சிப் வாங்குகிறோம். அவர்களில் ஒருவரிடம் நான் ஏமாந்துவிட்டேன். போன பணம் 3,500 ரூபாய். சிலருக்கு இது சின்னத் தொகையாக இருக்கலாம், எனக்கு அப்படி இல்லை. அவர் இன்னும் அதே படங்களைப் போட்டு அதே சரக்கை விற்றுக்கொண்டிருப்பதால்தான் இந்தப் பதிவு.

முதலில் எதற்காக வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். அரவேணுவில் இருக்கும் என் சித்தப்பா குவைத்தில் வேலை பார்த்தவர். 1988-ல் லீவுக்கு வந்தபோது எம்எஸ்எக்ஸ் என்ற ரகத்து வீட்டுக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். குவைத்தின் அல் ஆலமியா நிறுவனம் ‘சக்ர்’ என்ற பெயரில் விற்ற ஏஎக்ஸ்-170. சாவிகளில் ஆங்கிலத்தோடு அரபி எழுத்தும் இருக்கும். இசட்80 பிராசசர், 64 கேபி ராம், டிவியில் செருகினால் படம் வரும். நான் பேசிக் என்ற நிரல் மொழியைப் படித்தது அதில்தான். மழைக்காலம் முழுக்க அந்த வீட்டுத் திண்ணை அறையில் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, ‘டே, ஒவ்வொரு வரியும் முடிஞ்சதும் என்ட்டர் தட்டு’ என்று சொல்லிச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார். மெஷின் இன்றும் ஓடுகிறது. இரண்டு கெப்பாசிட்டர் மாற்றியதைத் தவிர நான் அதில் கைவைத்ததில்லை.

இப்போது அவருடைய பேத்தி எழுத்து பழகுகிறாள். அதே மெஷினில் தமிழ் எழுத்துகளைக் காட்டும் கார்ட்ரிட்ஜ் ஒன்று செய்து கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓர் எழுத்துக்கு 16-க்கு 16 புள்ளி என்றால் 32 பைட். 247 எழுத்துக்கும் சேர்த்து 7,904 பைட்தான். 16 கேபி கார்ட்ரிட்ஜில் எழுத்தும் நிரலும் தாராளமாக அடங்கிவிடும். ஔ மாதிரி அகல எழுத்துகளுக்கு மட்டும் 24 புள்ளி தேவைப்பட்டது. இரண்டு மாதம், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாக வரைந்தேன்.

சிப்பில் நிரலை எழுதும் மெஷின், அதாவது புரோகிராமர், என்னிடம் ஏற்கெனவே இருந்தது. டி48 என்கிற சின்னப் பெட்டி. கம்ப்யூட்டரோடு யுஎஸ்பி-யில் இணைத்து, நெம்புகோல் வைத்த பச்சை சாக்கெட்டில் சிப்பை வைத்தால் படிக்கும், அழிக்கும், எழுதும். அந்தப் பெட்டியின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. உண்மையில் முதல் நொடியிலேயே என்னை எச்சரித்தது அதுதான். நான்தான் கேட்கவில்லை.

தேவைப்பட்டது டபிள்யூ27சி512 என்கிற 28 கால் சிப், 64 கேபி. ஈப்ராம் என்கிற பழைய வகை நினைவகச் சிப்புகளை அழிக்கப் புற ஊதா விளக்கு வேண்டும், மேலே கண்ணாடி ஜன்னல் இருக்கும். இதற்கு விளக்கு தேவையில்லை, புரோகிராமரே மின்சாரத்தால் அழித்துவிடும். தப்பு வந்தால் அழித்துத் திரும்ப எழுதலாம் என்பதால் கார்ட்ரிட்ஜ் செய்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் தேடுகிறோம். ஆனால் இப்போது உற்பத்தியில் இல்லை. கிடைப்பது பழைய இருப்பு, அல்லது ஏதாவது போர்டில் இருந்து கழற்றியது. கழற்றியது என்று சொல்லி விற்றால் அதில் தவறே இல்லை, நானே வாங்கியிருக்கிறேன்.

அந்த விற்பனையாளர் ஒரு ஷாப்பிங் தளத்தில் ‘புத்தம் புதுசு’ என்று போட்டிருந்தார், ஒன்று 240 ரூபாய். விசாரித்ததும் போன் நம்பர் கொடுத்துவிட்டார். ‘சார், தளத்துல கமிஷன் போயிடுது. நேரா யுபிஐ பண்ணுங்க, 210-க்கு தர்றேன்’ என்றார். பத்து சிப் 2,100, கார்ட்ரிட்ஜ் பிசிபி (சிப்பைப் பொருத்தும் அட்டை) ஐந்து 1,250, கூரியர் 150. அனுப்பிவிட்டேன். தளத்துக்கு வெளியே பணம் கொடுத்தது என் முதல் தவறு. அந்த 300 ரூபாய் மிச்சத்துக்காக, ஏதாவது ஆனால் பிடித்துக் கேட்பதற்கு இருந்த ஒரே இடத்தையும் நானே விட்டுக்கொடுத்தேன்.

அக்டோபர் மழை. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து வண்டிகள் நின்றுபோயின. 7-ஆம் தேதியே ‘டெலிவரி ஆனது’ என்று கூரியர் ஆப் காட்டியது. பார்சல் அப்போது கீழே கூரியர்காரர்களின் கிட்டங்கியில் கிடந்தது. 11-ஆம் தேதி டானிங்டனுக்குப் போய் நானே வாங்கிக்கொண்டு வந்தேன். மலையில் இருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. ஆனால் இந்தத் தேதி வித்தியாசம் பின்னால் என் கழுத்துக்கே வந்தது.

அன்று ராத்திரியே முதல் சிப்பை சாக்கெட்டில் வைத்து எழுதச் சொன்னேன். ஐடி பொருந்தவில்லை என்று திரையில் சிவப்பில் வந்தது. டபிள்யூ27சி512 என்றால் டிஏ, 08 என்று வர வேண்டும். எனக்கு வந்தது 20, 3டி.

இது என்ன என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வகைச் சிப்புகளில் 24-ஆவது காலில், அதாவது ஏ9 காலில், சுமார் 12 வோல்ட் கொடுத்தால் சிப் தன் தயாரிப்பாளர் எண்ணையும் வகை எண்ணையும் சொல்லும். மேலே என்ன அச்சடித்திருந்தாலும் உள்ளே இருப்பது யார் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். அதன் கால்வரிசையையும் ஏற்கும் வோல்ட்டையும் தெரிந்துகொள்ளத்தான் புரோகிராமர் முதலில் இதைக் கேட்கிறது.

விற்றவருக்குப் படம் அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் பதில்: ‘அது வேற பேட்ச் சார், ஐடி மாறி வரும். சாஃப்ட்வேர்ல ஐடி செக் டிக்கை எடுத்துட்டு எழுதுங்க, சூப்பரா எழுதும்.’

எடுத்தேன். எழுதியது. சரிபார்ப்பும் தேறியது. அதுதான் என்னை முழுசாக நம்ப வைத்தது. 16 கேபி நிரலை நான்கு முறை அடுக்கி 64 கேபி-யை நிரப்பியிருந்தேன், மேல் முகவரிக் கால்கள் எப்படி இருந்தாலும் மெஷின் கண்டுபிடிக்கட்டும் என்று. முதல் இரண்டு பைட், பதினாறடி எண்ணில் (ஹெக்ஸ்), 41, 42. ஆங்கில ஏ, பி. எம்எஸ்எக்ஸ் பவர் போட்டதும் கார்ட்ரிட்ஜ் இருக்கிறதா என்று தேடுவது இந்த இரண்டு எழுத்தைத்தான். ஞாயிற்றுக்கிழமை அரவேணுவில் அதைச் செருகி ஸ்விட்சைப் போட்டபோது நீலத் திரையில் வெள்ளையாக ‘அ’ வந்து நின்றது. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் போட்டுக்கொண்டு பார்த்தார். பாப்பா ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனாள். கடைசியில், ‘மாமா, ஔ-வில் ள-வைக் காணோம்’ என்றாள்.

உண்மைதான். 24 புள்ளி எழுத்தில் 16 புள்ளியை மட்டும் வரைகிற தவறு என் நிரலில் இருந்தது. ‘ஒ’ மட்டும் தனியாக நின்றது. வீட்டுக்கு வந்து பத்து நிமிடத்தில் திருத்திவிட்டேன். சிப்பை அழித்துத் திரும்ப எழுதினால் வேலை முடிந்தது.

அழியவில்லை. அழித்தாயிற்று என்று சாஃப்ட்வேர் சொல்கிறது, காலியா என்று சோதித்தால் முதல் முகவரியிலேயே 41 அப்படியே இருக்கிறது. மூன்று தடவை செய்தேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு சிப்பைத் தொட்டால் கை சுட்டது. அடுத்ததை எடுத்தேன், அதில் ஏற்கெனவே யாரோ எழுதிய எதுவோ இருந்தது. பத்தையும் படித்துப் பார்த்தேன். ஏழில் பழைய டேட்டா. புதுசு என்று சொன்ன சரக்கு.

அப்புறம்தான் எனக்குச் சந்தேகம் உறைத்தது. வீட்டில் இருந்த நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சில் தொட்டு சிப்பின் முதுகில் தேய்த்தேன். அசிட்டோன் உள்ள ரகம் அது. முதல் தேய்ப்பில் வெள்ளை எழுத்து நழுவியது, இரண்டாவதில் பஞ்சு முழுக்கக் கறுப்பு. கீழே ஒரே திசையில் உப்புத்தாள் போட்டு இழுத்த மெல்லிய கோடுகள். ஒரு ஓரத்தில் மட்டும் சரியாகத் தேய்க்காமல் விட்டிருந்தார்கள், டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது ‘பி1’ என்று பழைய எழுத்தின் வால் தெரிந்தது. 20, 3டி என்ற ஐடியும் அந்த வாலும் சேர்ந்து கதையை முடித்துவிட்டன. இது எஸ்டி என்ற சிப் நிறுவனத்தின் எம்27சி512. அதில் ‘பி’ என்றால் ஜன்னல் இல்லாத பிளாஸ்டிக் உடல். ஒரு தடவை மட்டும் எழுதலாம், ஆயுளுக்கும் அழிக்க முடியாது.

ஏன் முதல் சிப் எழுதிக்கொண்டது என்று கேட்கலாம். காலி சிப்பில் எல்லாப் பிட்டும் 1. எழுதுவது என்றால் வேண்டிய இடத்தில் 1-ஐ 0 ஆக்குவது, அது இதற்கும் முடியும். 0-வைத் திரும்ப 1 ஆக்கத்தான் அழிப்பு வேண்டும். ஜன்னல் இல்லாததால் புற ஊதா உள்ளே போகாது, மின்சார அழிப்பு வசதி இந்த ரகத்தில் இல்லவே இல்லை. டபிள்யூ27சி512-ஐ அழிக்க புரோகிராமர் 14 வோல்ட் கொடுக்கிறது. எம்27சி512 எழுதுவதற்கே 12.75 வோல்ட்தான். ஐடி சோதனையை நிறுத்திவிட்டதால், தவறான ஆளுக்குத் தவறான மின்சாரத்தை மூன்று தடவை கொடுத்திருக்கிறேன். சூடு அதனால்தான்.

அதற்குப் பிறகு அவரோடு நடந்த பேச்சை நீட்ட விரும்பவில்லை. முதலில் ‘ஊட்டிப் பக்கம் பனி ஈரம், சிப் கால்ல துரு ஏறியிருக்கும்’ என்றார். கால்கள் வெள்ளி மாதிரி மின்னும் படத்தை அனுப்பினேன். பிறகு ‘நீங்கதான் அதிக வோல்ட் குடுத்து சுட்டுட்டீங்க’ என்றார். டிக்கை எடுக்கச் சொன்னது அவர்தான், அந்த மெசேஜ் என்னிடம் இருக்கிறது. பிறகு, டெலிவரி ஆகி மூன்று நாளுக்குள் சொல்ல வேண்டும், 7-ஆம் தேதியே உங்கள் கைக்கு வந்துவிட்டது, பார்சல் பிரித்த வீடியோ எங்கே என்றார். நான் வீடியோ எடுக்கவில்லை. கடைசியில், ‘சும்மா மெஷின்ல போட்டுப் பாருங்க, ஓடும்’ என்றார். இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வந்த இடம். எம்எஸ்எக்ஸ் ஸ்லாட்டின் டேட்டா கால்கள் மெஷினின் உள் பஸ்ஸோடு, அதாவது உள்ளே டேட்டா போய்வரும் பொதுக் கம்பிகளோடு, சேர்ந்தவை. உள்ளே கெட்டுப்போன சிப்பை அதில் செருகச் சொல்கிறார், 35 வருஷத்துக்கும் மேலாக ஓடுகிற மெஷினில். முடியாது என்றேன். அதோடு பிளாக் செய்துவிட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரைப் பதிந்தேன். தளத்தின் வழியாக வாங்கியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகளின்படி, குறையுள்ள அல்லது போலியான பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததென்று ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். எனக்கு இருப்பது யுபிஐ ரசீதும் மெசேஜ்களும்தான். ஆனாலும் 2019 சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது ஊட்டியில் இருக்கும் ஆணையத்திலேயே மனுப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. ஆவணங்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அதே ஆளிடம் வாங்கிய வேறு யாராவது இருந்தால் சிப்பையும் கவரையும் தூக்கிப்போடாதீர்கள், பஞ்சால் தேய்க்காத ஒன்றிரண்டை அப்படியே வைத்திருங்கள்.

இப்போது நான் வாங்கும் ஒவ்வொரு சிப்பையும், பார்சல் பிரிப்பதை வீடியோ எடுத்தபடியே முதலில் ஐடி படிக்கிறேன். பொருந்தாவிட்டால் அதற்கு மேல் கைவைப்பதில்லை. பொருந்தினால் அழித்து, காலியா என்று பார்த்து, 55 என்று நிரப்பிச் சரிபார்த்து, அழித்து, ஏஏ என்று நிரப்பிச் சரிபார்த்து (இரண்டிலும் சேர்த்து ஒவ்வொரு பிட்டும் 0, 1 இரண்டையும் ஏற்கிறதா என்று தெரிந்துவிடும்), கடைசியாக ஒரு தடவை அழிக்கிறேன். மொத்தமே ஓரிரு நிமிடம். அன்றைக்கு இதைச் செய்திருந்தால் என்னிடம் இன்னும் ஒன்பது தொடாத சிப்பும், பதில் சொல்லியே ஆக வேண்டிய ஒரு விற்பனையாளரும் இருந்திருப்பார்கள். விற்பவரிடம் முன்கூட்டியே ‘ஐடி படித்த திரைப் படம் அனுப்புங்கள்’ என்று கேளுங்கள். போன வாரம் கோயம்புத்தூரில் ஒருவரிடம் கேட்டேன், கழற்றிய சரக்குதான் என்று அவரே சொல்லிவிட்டுப் பத்துக்கும் படம் எடுத்து அனுப்பினார். டிஏ, 08.

அதில் ஒன்றில் திருத்திய நிரலை ஏற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அரவேணுவுக்குப் போகிறேன். பாப்பாவுக்கு ஔ முழுசாகத் தெரிய வேண்டும்.