மூலிகை சன்ஸ்கிரீன் என்று நம்பி 2,850 ரூபாயும் போச்சு, முகமும் போச்சு

முகம் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். இனி ஒருத்தர் கூட இப்படி ஏமாறக் கூடாது.

எனக்கு வேலையே வெயிலில்தான். மதுரையில் ஸ்கூட்டியில் மளிகைக் கடை கடையாகப் போய் ஆர்டர் எடுப்பவள். கடையில் வாங்கும் சன்ஸ்கிரீன் பூசினால் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துத் தெரியும். அந்த நேரத்தில்தான், வீட்டிலேயே தயாரித்து ரீல்ஸ் போட்டு விற்கும் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. ‘நூறு சதவீதம் மூலிகை, கெமிக்கல் இல்லை, எஸ்.பி.எஃப். 50.’ எஸ்.பி.எஃப். என்பது வெயிலிலிருந்து எவ்வளவு காக்கும் என்று சொல்லும் அளவு. மூன்று டப்பா 2,850 ரூபாய்.

விலையைப் பார்த்துத் தயங்கினேன். உடனே விற்கும் பெண்ணிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அக்கா, என் ஒன்றரை வயசுப் பையனுக்கே இதைத்தான் தடவுறேன், உங்களுக்குக் கெடுதல் பண்ணுவேனா?" பின்னணியில் குழந்தை சிணுங்கும் சத்தம். அதைக் கேட்டதும் மனசு இளகிவிட்டது. அந்த நிமிஷமே 2,850 ரூபாயை ஜிபேயில் அனுப்பினேன்.

காலையில் முகம், கழுத்து, கை எல்லாம் பூசிக்கொண்டு கிளம்பினேன். மறுநாள் ராத்திரி கன்னம் சிவந்து எரிய ஆரம்பித்தது. அதற்கடுத்த நாள் முழங்கைக்குக் கீழே அரிசி அரிசியாக நீர்க்கொப்புளம். ஹெல்மெட் மாட்ட முடியவில்லை. இப்போது கொப்புளம் வற்றி, அந்த இடமெல்லாம் கருத்துக் கிடக்கிறது.

தோல் டாக்டர் என் மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தார். வாட்ச் பட்டை இருந்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே இருந்தது. "பட்டைக்கு அடியிலும் கிரீம் போட்டீர்களா?" என்று கேட்டார். போட்டிருந்தேன். கிரீம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அங்கேயும் புண்ணாகியிருக்கும், இது கிரீமும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை என்றார். டப்பாவை வாங்கிப் படித்தார். கார்போகரிசி என்ற மூலிகை விதையின் எண்ணெய், எலுமிச்சைத் தோல் எண்ணெய், கேரட் விதை எண்ணெய், மஞ்சள், கற்றாழை.

கார்போகரிசியில் சோரலன் என்ற பொருள் இருக்கிறதாம். எலுமிச்சைத் தோல் எண்ணெயிலும் அந்த வகைப் பொருள் உண்டு. அது தோலில் இருக்கும்போது வெயிலில் உள்ள புற ஊதா ஏ கதிர் பட்டால் தோல் வெந்து, பிறகு கருக்கும். வெண்புள்ளிக்கு நிறம் வர வைக்க, சோரலன் கொடுத்து அளவாகக் கதிர் காட்டுவது ஒரு சிகிச்சையே. நானோ அதைப் பூசிக்கொண்டு மே மாத வெயிலில் நாள் முழுக்கச் சுற்றியிருக்கிறேன்! அம்மா அரைக்கும் நலங்கு மாவிலும் கார்போகரிசி உண்டு. ஆனால் அதைத் தேய்த்துக் குளித்துக் கழுவிவிடுவோம்.

பச்சைத் தேயிலை, மஞ்சள் மாதிரியானவற்றின் சத்துகள் வெயிலால் தோலுக்கு வரும் சேதத்தைக் கொஞ்சம் குறைக்க உதவலாம், துணைக்குச் சேர்க்கலாம் என்றார் டாக்டர். கதிரைத் தடுக்க ஜிங்க் ஆக்சைடு போன்ற வடிகட்டி வேண்டும், கேரட் விதை எண்ணெய் அந்த வேலையைச் செய்யாது. எஸ்.பி.எஃப். அளவைச் சோதித்துப் பார்த்துத்தான் லேபிளில் போட வேண்டும். அந்த 50 எங்கிருந்து வந்தது?

அதைத்தான் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "தோலில் இருக்கும் நச்சு வெளியே வருது அக்கா, நிறுத்தாமப் போடுங்க" என்றாள். கொப்புளத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். "உங்களுக்கு உடம்புச் சூடு, மோர் குடிங்க" என்றாள். ஏம்மா, 2,850 ரூபாயையாவது திருப்பிக் கொடு என்றதற்கு, மூலிகைப் பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதாம். கமென்ட்டில் எழுதினேன். பத்து நிமிஷத்தில் அழித்துவிட்டு என்னை பிளாக் செய்துவிட்டாள். குழந்தை பேரைச் சொல்லி விற்றாளே, அதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

என்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், கை எரிகிறது. தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றும் லேபிளில் இல்லையென்றால் தொடாதீர்கள். என் டப்பாவில் பேனாவால் எழுதிய ஒரு தேதி மட்டும்தான். கார்போகரிசியோ எலுமிச்சையோ பூசிக்கொண்டு வெயிலில் போகாதீர்கள். குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். பணம் அனுப்பிய ரசீதை அழிக்காதீர்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் கொடுத்துவிட்டேன். மீதி இரண்டு டப்பாவைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறேன், கேட்டால் காட்ட வேண்டும்.