14416: குழந்தைக்காக அழைத்தால் குடும்பத்தோடு பேசும் சேவை

மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசி மனநலச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கப்பட்டது. பெங்களூருவிலுள்ள மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிமான்ஸின் வழிகாட்டுதலில் இயங்கும் இச்சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ்நாட்டில் இது ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் செயல்படுகிறது. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் செய்தித்தாளில் இந்த எண்ணைப் பார்த்திருப்பீர்கள். ஆனால், பிள்ளையின் மனத்துயரைப் புரிந்துகொள்ளத் தவிக்கும் பெற்றோருக்கு இது எவ்வளவு பெரிய துணை என்பதை இன்னும் பலர் அறியவில்லை.

ஏழாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகனுக்குப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் தாங்க முடியாத வயிற்றுவலி வரும். குழந்தை மருத்துவர் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்து, உடலில் ஒரு குறையும் இல்லை என்றார். அதன்பின் நாடிய ஒரு தனியார் ஆலோசனை மையத்தில் பையனை மட்டும் உள்ளே அழைத்துப் பேசிவிட்டு, பெற்றோரிடம் எதையும் விளக்காமல், பல அமர்வுகளுக்கான கட்டணத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னார்கள். அந்த ஏமாற்றத்தில்தான் 14416-ஐ அழைத்தோம்.

தமிழைத் தேர்ந்தெடுத்ததும் பேசிய ஆலோசகர், பையனிடம் போனைக் கொடுக்கச் சொல்லவில்லை. மருத்துவரிடம் காட்டியாயிற்றா, சனி ஞாயிறுகளிலும் வலி வருகிறதா, தூக்கம் எப்படி, வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா, அடிக்கிறார்களா என்று நிதானமாகக் கேட்டுக்கொண்டே வந்தவர், வலி தொடங்குவதற்குச் சற்று முன் வீட்டில் ஏதாவது மாறியதா என்று கேட்டார். பையனின் அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போதுதான் காலமாகியிருந்தார். பிள்ளை பயந்துவிடக் கூடாதென்று பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அவனை அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். அவன் திரும்பி வந்தபோது பாட்டி படுத்திருந்த கட்டில் மொட்டைமாடி அறைக்குப் போயிருந்தது. அவன் மனம் வாடுமே என்று பாட்டியின் பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

வீட்டைவிட்டுப் போய்த் திரும்புவதற்குள் பாட்டி இல்லாமல் போனதால், இன்னொரு முறை வெளியே போனால் அம்மாவும் இல்லாமல் போய்விடுவாளோ என்ற பயம் அவனுக்குள் இருக்கலாம் என்றார் ஆலோசகர். இதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. கவனித்துப் பாருங்கள் என்றார். அவன் நடிக்கவில்லை, பயத்தால் வரும் வயிற்றுவலியும் உண்மையான வலிதான் என்பதை மட்டும் மிக உறுதியாகச் சொன்னார்.

தங்கையின் கணவர் தயங்கித் தயங்கி, “அவன் முன்னாடி நான் அழுதா, இன்னும் பயந்துட மாட்டானாங்க?” என்று கேட்டார். “அப்பாவுக்கும் பாட்டி நினைப்பு இருக்குன்னு அவனுக்குத் தெரியட்டும் சார். இப்ப அவன் தனியா துக்கப்பட்டுட்டு இருக்கான்” என்பது வந்த பதில். இந்தச் சேவைக்கு நான் தரும் மதிப்பெல்லாம் பெரும்பாலும் அந்த ஒரு பதிலுக்கானது.

பிறகு சொன்னவை யாவும் வீட்டில் செய்யக்கூடியவை. பள்ளியை முழுவதுமாக நிறுத்தினால் பயம் வேரூன்றிவிடும் என்பதால், வகுப்பாசிரியரிடம் சொல்லி முதலில் அரை நாள் அனுப்ப வேண்டும். அம்மா எத்தனை மணிக்கு அழைக்க வருவதாகச் சொல்கிறாரோ, அந்த நேரத்துக்குத் தவறாமல் போய் நிற்க வேண்டும். மாலையில் வந்ததும் ‘இன்று வலித்ததா?’ என்று விசாரிக்கக் கூடாது. இரவு உணவின்போது பாட்டியைப் பற்றிப் பேசத் தொடங்கிய பிறகு, அவரிடம் கேட்ட கதைகளைப் பையனே சொல்ல ஆரம்பித்தான். வலி முற்றிலும் நின்றுவிடவில்லை, ஆனாலும் இப்போது முழு நாளும் பள்ளியில் இருக்கிறான்.

தொலைபேசி ஆலோசனைக்கு எல்லை உண்டு. பேச்சு வளர்ச்சியில் தாமதம், ஆட்டிசம், கவனக்குறைபாடு போன்றவற்றைக் குழந்தையை நேரில் பார்த்துத்தான் மதிப்பிட முடியும். 2024 அக்டோபரில் தொடங்கிய காணொளி ஆலோசனை முதலில் கிடைத்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. எனினும் அதுவும் நேரடிப் பரிசோதனைக்கு ஈடாகாது. தேவைப்படுவோரை மனநல மருத்துவரிடமும், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களிடமும் அனுப்பும் ஏற்பாடு இச்சேவையிலேயே இருப்பதால், அதைத் தயங்காமல் கேட்டுப் பெறுங்கள். ஒவ்வொரு முறையும் அதே ஆலோசகர் பேசுவார் என்று எதிர்பார்க்க முடியாது. பிள்ளையின் தூக்கம், சாப்பாடு, வலி வரும் நேரம், ஏற்கெனவே பெற்ற ஆலோசனை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொண்டால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.

முதல் அழைப்பைப் பிள்ளையின் காதில் விழாத இடத்திலிருந்து செய்வது நல்லது. இயன்றால் தாயும் தந்தையும் சேர்ந்தே பேசுங்கள். ஒருவர் கேட்டு மற்றவருக்குச் சொல்லும்போது பாதி விட்டுப்போகும். 14416 கிடைக்காவிட்டால் 1800-891-4416 என்ற எண்ணும் உண்டு. குழந்தையை யாராவது துன்புறுத்துவதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைக்க வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சோ செயலோ குழந்தையிடம் தென்பட்டால், தனியே விடாமல் உடனே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.