பிஎச்பிமைஅட்மினா, பிஜிஅட்மினா? டிரான்ஸாக்‌ஷன் விஷயத்தில் ஓர் ஒப்பீடு

இரண்டுமே பிரவுசரில் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்கான கட்டளை மொழி) எழுதி ஓட்டும் கருவிகள்தான்: பிஎச்பிமைஅட்மின் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கு, பிஜிஅட்மின் போஸ்ட்கிரஸுக்கு. டிரான்ஸாக்‌ஷன் என்பது ஒன்றாகவே நிறைவேறும் அல்லது ஒன்றாகவே ரத்தாகும் கட்டளைத் தொகுப்பு. கமிட் செய்யும் (மாற்றத்தை நிரந்தரமாக்கும்) முன் கொஞ்சம் யோசிக்க நேரம் வேண்டும் என்பவருக்கு பிஜிஅட்மின் 4 தான் சரி. அதன் கொயரி டூலில் ஆட்டோ கமிட் (ஓட்டியதும் தானாகவே கமிட் ஆவது) வழக்கமாக ஆன் நிலையில் இருக்கும். அதை அணைத்துவிட்டால், அப்டேட் ஓட்டி, செலக்ட் போட்டுப் பார்த்து, அப்புறம் கமிட் அல்லது ரோல்பேக் (மாற்றத்தை ரத்து செய்யும்) பட்டனை அழுத்தலாம். இணைப்பு திறந்தே இருப்பதால்தான் இது முடிகிறது. அதனாலேயே, கமிட் செய்யாமல் டீ குடிக்கப் போனால், பூட்டிய வரிசைகளுக்காக மற்றவர்கள் காத்துக்கிடக்க வேண்டியதுதான்.

பிஎச்பிமைஅட்மினில் பொதுவாக ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் புது இணைப்பு. ஸ்டார்ட் டிரான்ஸாக்‌ஷனை இப்போதும் கமிட்டைப் பிறகும் அனுப்பினால் பலனில்லை. நடுவில் இணைப்பு மூடி, மாற்றம் ரோல்பேக் ஆகிவிடும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் எழுதி ஒன்றாக ஓட்ட வேண்டும். அப்டேட், டெலீட்டுக்கு ஒத்திகை பார்க்கும் வசதி இருப்பது ஓர் ஆறுதல்: எத்தனை வரிசைகள் மாறும் என்று முன்பே காட்டிவிடும்.

ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) என்று வந்தால் வித்தியாசம் கருவியில் இல்லை, அடியில் இருக்கும் டேட்டாபேஸில். போஸ்ட்கிரஸில் அதையும் ரோல்பேக் செய்யலாம். மைஎஸ்க்யூஎல்லிலோ, அதுவரை நிலுவையில் இருந்ததையும் சேர்த்து கமிட் செய்துவிடும்.