ஸ்லாட் டிக்கெட்: கூட்டம் குறைகிறதா, வாசல் வரிசை மட்டும் குறைகிறதா?

உலகத்தில் பேர் பெற்ற எந்த இடத்துக்குப் போவதென்றாலும் இப்போது விமான டிக்கெட்டுக்கு முன்னால் ஸ்லாட் கிடைக்குமா என்றுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. "காலை 10.15க்கு வாருங்கள், அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை" என்று நேரம் குறித்துக் கொடுக்கிறார்களே, அந்த நுழைவுச் சீட்டைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. ஐரோப்பாவில் பல இடங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டேன். சில இடங்களில் அது நல்ல ஏற்பாடு. சில இடங்களில் பெயருக்குத்தான் ஏற்பாடு.

இது ஏன் தேவைப்படுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1950இல் உலகம் முழுக்க வெளிநாட்டுப் பயணிகளின் வருகை சுமார் 2.5 கோடி. 2019இல் அது 146 கோடி. பெருந்தொற்றில் சரிந்த கணக்கு 2024இல் மறுபடியும் 140 கோடிக்கு வந்துவிட்டது. கோயிலும் கோட்டையும் ஓவியமும் அன்றைக்கு இருந்த அதே அளவில்தான் இருக்கின்றன.

நான் பெரும்பாலும் அம்மாவோடுதான் பயணம் போகிறேன். அம்மாவுக்கு மூட்டு வலி. நடக்கச் சொன்னால் மெதுவாக எவ்வளவு தூரமும் நடந்துவிடுவார். ஒரே இடத்தில் நிற்கச் சொன்னால் பத்து நிமிடத்தில் முகம் மாறிவிடும். கூட்டம் என்றால் எங்களுக்கு எரிச்சல் மட்டும் இல்லை, வலியும்தான். அதனால் ஸ்லாட் டிக்கெட் வாங்கும்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இந்தச் சீட்டு வாசலில் மட்டும் ஆட்களைக் கட்டுப்படுத்துகிறதா, உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்துகிறதா?

உள்ளேயும் கட்டுப்படுத்தினால் எப்படி இருக்கும் என்பதற்கு மிலான் நகரத்தில் லியொனார்டோவின் 'கடைசி இராவுணவு' இருக்கும் கூடத்தைத்தான் சொல்வேன். சாந்தா மரியா தெல்லே கிராட்சியே மடத்தின் பழைய சாப்பாட்டுக்கூடம் அது. ஒரு சிறு குழுவை உள்ளே விடுகிறார்கள். 15 நிமிடம். அந்தக் குழு வெளியே போன பிறகுதான் அடுத்த குழு. நேராக உள்ளே போய்விட முடியாது. கண்ணாடிக் கதவு ஒன்று திறக்கும், உள்ளே போனதும் பின்னால் மூடிக்கொள்ளும், அப்புறம்தான் அடுத்த கதவு திறக்கும். வெளிக்காற்றும் தூசியும் ஈரமும் ஓவியத்துக்குப் போய்ச் சேராமல் இருக்க இந்த ஏற்பாடு. லியொனார்டோ ஈரச் சுண்ணாம்பின் மேல் வரையாமல் காய்ந்த சுவரில் வரைந்தார். அதனால் அவர் காலத்திலேயே வண்ணம் உதிர ஆரம்பித்துவிட்டது. 1999இல் முடிந்த கடைசிப் புதுப்பிப்புக்கு மட்டும் இருபது வருடத்துக்கு மேல் ஆனது. ஆக, அங்கே ஆட்களைக் குறைத்தது முதலில் சுவருக்காகத்தான். ஆனால் அந்தப் பலன் பார்க்க வருகிறவர்களுக்கும் கிடைக்கிறது.

15 நிமிடம் என்றதும் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். உள்ளே போனால் அது தாராளமான நேரம். யார் தோளும் இடிக்கவில்லை. எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகர்ந்து பார்க்க முடிந்தது. ஏசுவின் கால் இருக்க வேண்டிய இடத்தில் கதவு வைத்த தழும்பு தெரிகிறது. 1652இல் வழி வேண்டும் என்று ஓவியத்தையே வெட்டியிருக்கிறார்கள். அம்மாதான் முதலில் திரும்பிப் பார்த்தார். "பின்னாடியும் ஒண்ணு இருக்கு பாருடி" என்றார். எதிர்ச்சுவர் முழுக்க மொந்தோர்ஃபனோ என்ற ஓவியர் 1495இல் வரைந்த சிலுவைக் காட்சி. கூட்டம் நெருக்கியிருந்தால் அந்தப் பக்கம் திரும்பியே இருக்க மாட்டோம். 1943இல் குண்டு விழுந்து கூரையும் பக்கச்சுவரும் சரிந்தபோதும் இந்த இரண்டு சுவர்களும் நின்றன. இரண்டையும் மாறி மாறிப் பார்க்க நேரம் இருந்தது.

ரோம் நகரத்தின் போர்கேசே கேலரியிலும் இதே மாதிரிதான். இரண்டு மணி நேர ஸ்லாட். முடிந்ததும் வெளியே வந்துவிட வேண்டும். ஒரு சின்ன யோசனை: உள்ளே நுழைந்ததும் பெரும்பாலானவர்கள் கீழ்த்தளத்துச் சிற்பங்களைப் பார்க்கத்தான் போவார்கள். நீங்கள் முதலில் மேல்தளத்து ஓவியங்களுக்குப் போய்விடுங்கள். நீங்கள் இறங்கி வரும் நேரத்தில் கீழே கூட்டம் கலைந்திருக்கும். அப்பல்லோ துரத்த டாஃப்னி மரமாக மாறுவதைக் காட்டும், சிற்பி பெர்னினியின் 'அப்பல்லோவும் டாஃப்னியும்' சிலையை நின்ற இடத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தால் பாதிதான் பார்த்ததாக அர்த்தம். சுற்றி வர வேண்டும். பின்பக்கத்தில் மரப்பட்டை உடம்பை மூடிக்கொண்டு வருவது தெரியும். விரல் நுனியில் முளைக்கும் இலைகள் பளிங்கில் செதுக்கியவை என்று நம்ப முடியாத அளவுக்கு மெல்லிசு. சுற்றி வருவதற்கு இடம் வேண்டும் இல்லையா? அந்த இடத்தைத் தருவது அந்த இரண்டு மணி நேரக் கணக்குதான்.

ஸ்பெயினில் கிரானடா நகரத்தின் அல்ஹம்ப்ரா கோட்டை அரண்மனை இன்னொரு வகை. வளாகம் பெரியது. அதற்குள் நஸ்ரித் வம்சத்து அரண்மனைகளுக்கு மட்டும் தனியாக அரை மணி நேர ஸ்லாட். அந்த அரை மணிக்குள் நுழைந்துவிட வேண்டும். தவறினால் சமாதானம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பாஸ்போர்ட்டையும் பார்க்கிறார்கள். ஆனால் உள்ளே போன பிறகு யாரும் விரட்டுவதில்லை. இங்கே அம்மாவின் மெதுவான நடையே எங்களுக்குச் சாதகமாகிவிட்டது. எங்களோடு நுழைந்தவர்கள் வேகமாக முன்னால் போய்விட்டார்கள், அடுத்த குழு இன்னும் வரவில்லை. நடுவில் கிடைத்த இடைவெளியில் மிர்ட்டில் முற்றத்துக் குளத்தில் கோமாரெஸ் கோபுரத்தின் நிழல் முழுசாகத் தெரிந்தது. அந்த இடைவெளி ஒவ்வொரு அரை மணிக்கும் ஒருமுறை வரும். ஓரமாக நின்று காத்திருக்கத் தெரிந்தால் போதும்.

இனி வாசலை மட்டும் கட்டுப்படுத்துகிற வகை. ஏதென்ஸில் பழைய கோயில்கள் இருக்கும் அக்ரோபோலிஸ் குன்றில் 2023 செப்டம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, மணி வாரியாக ஸ்லாட் பிரித்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் மேலே ஏறியவர்கள் எப்போது இறங்க வேண்டும் என்று கணக்கு இல்லை. எட்டு மணிக்கு ஏறியவர் பத்து மணிக்கும் அங்கேதான் இருப்பார். நிழலும் அதிகம் கிடையாது. எட்டு மணி ஸ்லாட் கிடைத்தால் எடுங்கள். இல்லையென்றால் சாயங்காலத்துக் கடைசி ஸ்லாட்.

பாரீஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கதையும் அதுதான். 1989இல் கண்ணாடிப் பிரமிடு வாசலைக் கட்டும்போது வருடத்துக்கு 40 லட்சம் பேர் என்று கணக்குப் போட்டார்கள். 2018இல் ஒரு கோடியைத் தாண்டியது. 2024இல் 87 லட்சம். நாளைக்கு 30,000 பேர் என்ற வரம்பும் இருக்கிறது, ஸ்லாட்டும் இருக்கிறது. ஆனாலும் 2025 ஜூனில் கூட்டம் தாங்க முடியவில்லை என்று ஊழியர்களே வேலையை நிறுத்தினார்கள். மோனாலிசாவுக்குத் தனி அறை, தனி டிக்கெட் என்று அந்த வருடத் தொடக்கத்திலேயே அரசு அறிவித்திருந்தது. 77 சென்டிமீட்டர் உயரம், 53 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு படத்தை ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே அறையில் பார்ப்பதற்கு எந்த வாசல் டிக்கெட்டும் உதவாது. புதன், வெள்ளி இரண்டு நாளும் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். நாங்கள் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனோம். மோனாலிசாவை வாசலிலிருந்தே ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்து நெடுங்கூடத்துக்குத் திரும்பிவிட்டோம். அதே லியொனார்டோவின் 'பாறைகளின் கன்னி' அங்கே இருக்கிறது. முன்னால் ஓரிருவர்தான் நின்றார்கள். அம்மா அதன் முன்னால் நின்றது அவரே விரும்பி நின்றது.

வெனிஸ் வாங்கும் நுழைவுக் கட்டணத்தை ஸ்லாட் டிக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஏப்ரல் 25இல் தொடங்கினார்கள். குறிப்பிட்ட நாட்களில், காலை 8.30 முதல் மாலை 4 வரை, பகலில் வந்து போகிறவர்களுக்கு 5 யூரோ. 2025இல் கடைசி நேரத்தில் பதிவு செய்கிறவர்களுக்கு 10 யூரோ. ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு அதில் கிடையாது. பணம் கட்டினால் யாரும் வரலாம். கூட்டம் குறையும் என்று நம்பி அதைக் கட்டினால் ஏமாற்றம்தான். அங்கே கூட்டத்தைத் தவிர்க்க வேண்டுமென்றால் ஊருக்குள்ளேயே இரவு தங்குங்கள். பகல் பயணிகள் ரயிலேறிய பிறகு தெருக்கள் காலியாகிவிடும். பழைய ஊரில் இப்போது குடியிருப்பவர்கள் 50,000 பேருக்கும் குறைவு. 1950களில் அது 1,70,000க்கு மேல். அந்தக் குறைந்துபோன மனிதர்களின் வாசற்படியில்தான் நாம் உட்கார்ந்து படம் எடுக்கிறோம்.

உள்ளூர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பார்சலோனாவில் பார்க் குவெல் என்ற பூங்காவின் பக்கம் 116ஆம் எண் பஸ் ஒன்று ஓடுகிறது. சின்ன பஸ், செங்குத்தான தெருக்கள். சுற்றுலாப் பயணிகள் நிரம்பி வழிந்து, அந்தப் பகுதி வயசானவர்கள் ஏற முடியாமல் தவித்தார்கள். கடைசியில் 2024இல் வெளியூர்க்காரர்கள் கண்ணில் படாமல் இருக்க, நகராட்சி கூகுள் மேப்ஸிலிருந்தே அந்தத் தடத்தை எடுக்க வைத்தது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு என் அம்மாதான் நினைவுக்கு வந்தார். பஸ் கிடைக்காமல் நின்றவர்களும் அவர் வயதுக்காரர்கள்தானே. பூங்காவுக்குள் 2013இலிருந்தே ஸ்லாட் டிக்கெட் இருக்கிறது. பூங்காவுக்குள் மட்டும் ஆட்களை எண்ணினால் போதாது, அங்கே வந்து சேரும் வழியையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இதை ஒழுங்காகச் செய்த இடமும் உண்டு. தாய்லாந்தின் மாயா பே கடற்கரையை 2018இல் மூடினார்கள். பவளப்பாறை அவ்வளவு சேதமாகியிருந்தது. 2022இல் திறந்தபோது ஒரு தடவைக்கு 375 பேர் என்று வரம்பு வைத்தார்கள். படகுகள் கரைக்கே வராமல் பின்பக்கம் நிற்க வேண்டும் என்றும் மாற்றிவிட்டார்கள். மூடியிருந்த காலத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் திரும்பி வந்தன.

டிக்கெட் வாங்கும் விஷயத்தில் கொஞ்சம் கறாராகச் சொல்கிறேன். இடத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள். ஒரு இடைத்தரகர் தளத்தில் நான் வாங்கிய சீட்டு 'வரிசை இல்லாத நுழைவு' என்று சொன்னது. அங்கே போனால் அந்தத் தளத்துச் சீட்டுக்காரர்களுக்கென்றே தனியாக ஒரு வரிசை. வெயிலில் அம்மாவை மதில் ஓரம் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் நின்றேன். விலையும் கூடுதல். ஆம்ஸ்டர்டாமில், நாஜிகளுக்குத் தப்பி யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த இல்லத்தின் முறை எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு வாரத்துக்குப் பிந்தைய டிக்கெட்டுகளைத் தங்கள் தளத்திலேயே விடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே நாள், ஒரே வாசல். பழைய வீடு, படிகள் மிகச் செங்குத்து என்பதையும் மறந்துவிடாதீர்கள். மூட்டு வலி உள்ளவர்களுக்கு அது சரிப்படாது.

குறை என்று பார்த்தால், ஸ்லாட் டிக்கெட் உடம்புக்கு வரும் நல்ல நாள், கெட்ட நாளைப் பார்ப்பதில்லை. காலையில் அம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தால் மறுநாளைக்கு மாற்ற முடியாது. பல இடங்களில் பணமும் திரும்பாது. இணையமும் வங்கி அட்டையும் கைவராதவர்களுக்கு இந்த வழியே அடைபட்டுவிடுகிறது. அதனால் ஒரே நாளில் இரண்டு ஸ்லாட் போடாதீர்கள். ஒன்றே போதும்.

மிலானுக்கும் போர்கேசேவுக்கும் என் மதிப்பெண் ஐந்துக்கு ஐந்து, அல்ஹம்ப்ராவுக்கு நான்கு, வாசலோடு நின்றுவிடும் ஸ்லாட்டுகளுக்கு இரண்டரை. இந்த இடங்களை நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. டிக்கெட் வாங்கும் பக்கத்திலேயே, ஒரே நேரத்தில் உள்ளே எத்தனை பேர் இருப்பார்கள், உட்கார எங்கெங்கே இடம் இருக்கிறது, வரமுடியாத நாளில் ஸ்லாட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று மூன்று வரி எழுதிவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு அம்மாவை அழைத்து வரலாமா என்று நான் முடிவு செய்துகொள்கிறேன்.