பத்து எப்படிப் பன்னிரண்டை முந்தியது?

என் டிவிக்குப் பின்னால் இரண்டு எச்டிஎம்ஐ வயர் தொங்குகிறது. ஒன்று பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கேம் கன்சோலிலிருந்து வருகிறது. இன்னொன்று பிசியில் இருக்கும் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து. ஒரே கேமை இரண்டிலும் ஓடவிட்டு, ரிமோட்டில் இன்புட்டை மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் கொஞ்ச நாளாக என் பொழுதுபோக்கு. வீட்டில் உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறதாம். பாதி நேரம் அவர்கள் சொல்வதுதான் சரி.

கார்டு வாங்கியபோது நான் அப்படி நினைக்கவில்லை. கன்சோலுக்கு 10.28 டெராஃப்ளாப்ஸ் (நொடிக்கு இத்தனை லட்சம் கோடி தசமப்புள்ளிக் கணக்கு), கார்டுக்குக் கிட்டத்தட்ட 12.7. கால்வாசி வேகம் கூடுதலாகக் கிடைக்கும் என்று மனக்கோட்டை கட்டினேன். ஆடிப் பார்த்தால் அந்தக் கால்வாசியைக் காணோம். நான் ஆடுகிற பல கேம்களில் கன்சோல்தான் ஒரு அடி முன்னே நிற்கிறது. தப்பு என் கணக்கில்தான். 3060 சேர்ந்த ஆம்பியர் தலைமுறையில், தசமப்புள்ளிக் கணக்குப் போடும் கோர்களில், அதாவது சிப்புக்குள் இருக்கும் குட்டிக் கணக்கர்களில், பாதிக்கு முழு எண் கணக்குப் போடும் வேலையும் உண்டு. கேம் ஓடும்போது அவை அடிக்கடி அந்தப் பக்கம் போய்விடும். டெராஃப்ளாப்ஸ் எண்ணோ எல்லாரும் ஒரே வேலையில் நிற்பதாக வைத்துப் போட்டது. வருகைப் பதிவேட்டில் எல்லாரும் இருக்கிறார்கள், வயலில் இறங்கியவர்கள் குறைவு.

பிஎஸ்5-க்கு நெருங்கிய சொந்தம் வேண்டுமென்றால் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6700-ஐத்தான் சொல்ல வேண்டும். அதே ஆர்டிஎன்ஏ 2 சிப் வடிவமைப்பு வம்சம், கோர்களைக் கூட்டமாக வைத்திருக்கும் கம்ப்யூட் யூனிட்டும் அதே 36. ஆனால் மெமரியில் இரண்டும் வேறு வேறு. கார்டில் 10 ஜிபி. கன்சோலில் 16 ஜிபி, நொடிக்கு 448 ஜிபி வேகம், சிபியுவும் படம் வரையும் ஜிபியுவும் ஒரே பானையில் அள்ளிக்கொள்ளும் கூட்டுக்குடும்பம்.

இந்த மெமரி விஷயம் எனக்குப் பட்டுத் தெரிந்தது. 3060-க்கு முன்னால் வேறொரு 8 ஜிபி கார்டு வைத்திருந்தேன். கன்சோலிலிருந்து பிசிக்கு வந்த ஒரு கேமில், ஆசைப்பட்டு டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களின் தரத்தை) அல்ட்ராவில் வைத்தேன். தெருவில் ஒரு கடைப் பலகை, எழுத்தெல்லாம் மழையில் கரைந்தது போலக் குழம்பிக் கிடந்தது. எதிரே போய் நின்று ஐந்தாறு நொடி ஆன பிறகுதான் தெளிந்தது. மூலையில் ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்ற எண்) மட்டும் ஒன்றுமே நடக்காதது போல 60 என்று காட்டிக்கொண்டிருந்தது. கன்சோலில் அதே பலகையை நடந்து வரும்போதே படிக்க முடிந்தது. கார்டின் மெமரி நிரம்பிவிட்டால் மிச்சத்தை பிசியின் ராமிலிருந்துதான் இழுத்து வர வேண்டும், அந்தப் பாதை குறுகல். அடுத்த கார்டில் 12 ஜிபி தேடியதற்கு அந்தப் பலகைதான் காரணம்.

அப்புறம் ஷேடர், அதாவது ஒளி, நிறம் எல்லாம் எப்படித் தெரிய வேண்டும் என்று ஜிபியுவுக்குச் சொல்லும் குட்டி நிரல்கள். கன்சோலில் எந்த சிப் இருக்கும் என்பது கேம் செய்பவருக்கு முன்பே தெரியும், அதனால் ஷேடர்களை அந்த சிப்பின் மொழிக்கு மாற்றி, கம்பைல் செய்தே அனுப்பிவிடுகிறார். பிசியில் யார் வீட்டில் எந்தக் கார்டோ, யாருக்குத் தெரியும்? அதனால் சமையலே நம் வீட்டில்தான். ஒரு புது கேமை இரண்டிலும் ஒரே நேரத்தில் திறந்தோம். பிசியில் ஷேடர் தயாரிப்புக் கோடு 43 சதவீதத்தில் ஊர்ந்துகொண்டிருந்தபோது, தம்பி கன்சோலில் முதல் சண்டையை முடித்து, இரண்டாவதில் செத்தும் போயிருந்தான். இந்தக் காத்திருப்பே இல்லாத கேம்கள் இன்னும் மோசம், சமையல் ஆட்டத்தின் நடுவில் நடக்கும். முதல் வெடி வெடிக்கும்போது திரை ஒரு கணம் திக்கும்.

சரி, கார்டு ஜெயிக்கிற இடம்? டிஎல்எஸ்எஸ், சின்னதாக வரைந்த படத்தை ஏஐ கொண்டு பெரிதாக்கும் என்விடியாவின் வித்தை. 4கே-யில் அதை ‘குவாலிட்டி’யில் வைத்தால், உள்ளே 1440பி-யில் வரைந்து மீதியை ஏஐ வேலைக்கென்றே கார்டில் இருக்கும் டென்சர் கோர்கள் நிரப்புகின்றன. சாயங்கால வானத்துக்குக் குறுக்கே போகும் ஒரு மின்கம்பியைப் பாருங்கள். என் பிஎஸ்5-ல் அதன்மேல் எறும்பு ஊர்வது போல மினுமினுக்கும். கார்டில் கோடு கோடாகவே நிற்கும். 2024-ல் வந்த பிஎஸ்5 ப்ரோவில் பிஎஸ்எஸ்ஆர் என்று இதே வேலைக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள், என்னிடம் இருப்பது பழைய பெட்டி. ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டு நிழலும் பிரதிபலிப்பும் வரையும் ரே டிரேசிங்கிலும் கார்டுதான். ஒளிக்கதிர் எந்தப் பொருளில் படுகிறது என்று தேடி அலையும் வேலையை என்விடியா தனி வன்பொருளுக்கே கொடுத்துவிட்டது. ஆர்டிஎன்ஏ 2-ல் அந்த அலைச்சலில் ஒரு பங்கு ஷேடர்களின் தலையில் விழுகிறது. ஈரத் தரையில் பிரதிபலிப்பைப் போட்டுவிட்டால் 3060 அசராது, கன்சோல் மூச்சு வாங்கும்.

மின்சாரம் பற்றி ஒரு வரி: 3060 மட்டுமே 170 வாட், பிஎஸ்5 முழுப் பெட்டியும் சேர்ந்து சுமார் 200.

மவுஸ் பிடித்துச் சுடுகிற கேம் என்றால் யோசிக்காமல் பிசி. வேலை முடிந்து வந்து அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் கை தானாகக் கன்ட்ரோலரைத் தேடுகிறது. நேற்று ராத்திரி டிரைவர் அப்டேட் போட்டேன். இதை எழுதும்போது பக்கத்துத் திரையில் அந்த ஷேடர் கோடு மறுபடியும் முதலிலிருந்து ஊர்கிறது, இப்போது 12 சதவீதம்.