பழைய பேஸ்பால் கையுறையின் வயது: பெயரை நம்பலாமா, தையலை நம்பலாமா?

பழைய பேஸ்பால் கையுறையை விற்க வருபவர் முதலில் காட்டுவது, உள்ளங்கையில் அச்சாகியிருக்கும் ஆட்டக்காரரின் கையெழுத்தைத்தான். விலை ஏறுவதும் அதனால்தான். ஆனால் அது எந்தக் காலத்துக் கையுறை என்று அறிய அந்தப் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டால் தப்பாகப் போய்விடும்.

பில் டோக்கையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பந்துவீச்சாளர். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல்வார்களைக் கோத்து வலை போல அமைக்கலாம் என்று 1919இல் அதே ஊர்க் கையுறைக் கம்பெனியான ராலிங்ஸிடம் யோசனை சொன்னார். அதுவரை அந்த இடத்தில் சின்னத் தோல்பட்டை ஒன்றுதான் இருந்தது. பந்தை உள்ளங்கையிலேயே வாங்கி அடிபட வேண்டும். வலை வந்ததும் பந்து அதில் போய் உட்கார்ந்தது. டோக் கடைசியாக ஆடியது 1929இல். அவர் பெயர் தாங்கிய கையுறையை ராலிங்ஸ் 1953 வரை விற்றது! ஆக, பெயரை வைத்துச் சொன்னால் முப்பது வருடத்துக்கு மேல் ஊசலாடும்.

பெயரோடு கம்பெனியையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் தேறும். புகழ்பெற்ற ஆட்டக்காரர் டெட் வில்லியம்ஸ் 1960இல் ஓய்வு பெற்றவுடன், சியர்ஸ் என்ற அமெரிக்கப் பல்பொருள் கடைக்காரர்களோடு ஒப்பந்தம் போட்டார். சியர்ஸின் டெட் வில்லியம்ஸ் கையுறை கிடைத்தால், அது அவர் ஆடிய நாளில் செய்தது அல்ல.

அடுத்த சாட்சி கையுறையின் கட்டமைப்பு. என் ஓட்டு இதற்குத்தான். விரல்களுக்கு நடுவே பாருங்கள். நுனிகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக விலகி நின்றால், பெரும்பாலும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையது. வார் கோத்து இணைத்திருந்தால் போரை ஒட்டியோ அதற்குப் பிறகோ செய்தது. வலையே இல்லாமல் வேலைக்காரர் கையுறை மாதிரி இருந்தால் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கே போகலாம். 1957இல் வில்சன் கம்பெனி கொண்டுவந்த ஏ2000 கையுறை மாதிரி, பெரிய ஆழமான குழியோடு இருந்தால் அதற்குப் பிந்தைய காலம். இதிலும் இரண்டு பொறிகள் உண்டு. மலிவான சிறுவர் கையுறைகள் பழைய வடிவத்தையே பல வருடம் பிடித்துக்கொண்டிருந்தன. வாரை யாராவது மாற்றிக் கோத்திருக்கலாம். ஆகவே புது வாரைப் பார்த்துப் புதுக் கையுறை என்று முடிவுகட்டாதீர்கள், வார் போகும் துளைகளின் தேய்மானத்தைப் பாருங்கள்.

காப்புரிமை எண் என்ற மூன்றாவது வழி பலரை ஏமாற்றுகிறது. அமெரிக்கக் காப்புரிமை எண் 1911இல் பத்து லட்சத்தைத் தொட்டது, 1935இல் இருபது லட்சத்தை, 1961இல் முப்பது லட்சத்தை. முத்திரையில் எண் தெரிந்தால் அந்த ஆண்டுக்கு முன்னால் செய்திருக்க முடியாது என்று மட்டும் உறுதி. பிறகு எத்தனை வருடம் கழித்துச் செய்தார்கள் என்று அது சொல்லாது. டோக்கின் காப்புரிமை 1922 ஆகஸ்டில் கிடைத்தது. முத்திரையில் தேதி இருந்தால் அதையே பிறந்தநாளாக எடுத்துக்கொண்டு ஏலத்தில் பணம் இறைத்துவிடாதீர்கள்.

கடைசியாக விலைப்பட்டியல்கள். மாடல் எண் தெளிவாகத் தெரிந்தால் இதற்கு நிகரே இல்லை. விளையாட்டுச் சாமான் கம்பெனியான ஸ்பால்டிங்கின் ஆண்டு வழிகாட்டி நூல்கள் 1889 முதல் 1939 வரையிலானவை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பின்பக்க விளம்பரங்களில் கையுறைப் படங்கள் உண்டு. சிரமம் என்னவென்றால், அந்தக் காலத்துப் படங்கள் கையால் வரைந்தவை. ஒரே படத்தை அடுத்த வருடங்களிலும் போட்டுவிடுவார்கள். படத்தை விட எண்ணையும் விலையையும் ஒப்பிடுவது நல்லது. சியர்ஸின் ஜே.சி. ஹிக்கின்ஸ் போன்ற கடைப் பெயர்களுக்கு அந்தக் கடையின் பொதுப் பட்டியலைத்தான் தேட வேண்டும், கையுறைக் கம்பெனியின் பட்டியலில் வராது.

எண் அழிந்துபோய், பெயரும் தேய்ந்துபோன கையுறை கையில் இருந்தால்? அப்போது விரல் இடுக்கையும் வலையையும் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பத்து வருட இடைவெளிக்குள் சொல்ல முடிந்தாலே நல்ல கணிப்பு.