போக்கர் பழக: செலவில்லாத இரண்டும், சந்தா கட்டும் ஒன்றும்

தர்மபுரியில் ரம்மிக்கு ஆள் சேர்ப்பது சுலபம். மூணு சீட்டுக்குச் சொல்லவே வேண்டாம், திருவிழா வந்தால் தோப்புக்குள் ஆட்டம் களைகட்டும், போலீஸ் ஜீப்பும் பின்னாலேயே வரும். டெக்சாஸ் ஹோல்டெம் போக்கருக்குத்தான் ஆள் கிடையாது. ஓசூரில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாலைந்து பேர் சனிக்கிழமை கூடினால் உண்டு. காசு வைப்பதில்லை, புளியங்கொட்டைதான் சிப். மற்ற நாட்களில் கம்ப்யூட்டரோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். நான் ஆடிப் பார்த்த மென்பொருள்கள் போக்கர்டிஹெச், ஸ்லம்பாட், போக்கர்ஸ்னோவி. கடைசியில் சந்தா கட்டி வைத்துக்கொண்டது ஸ்னோவியை, அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. இவை மூன்றும் அந்தக் கணக்கில் வராது. காசுப் பந்தயம் இல்லை, ஜெயித்தாலும் கைக்கு ஒன்றும் வராது. வீட்டில் கேட்டால் இதைச் சொல்லலாம். நம்புவார்களா என்பது வேறு விஷயம்.

போக்கர்டிஹெச் இலவசம். திறந்த மூல மென்பொருள், விண்டோஸ், லினக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஓடும், ஒரே மேசையில் பத்துப் பேர் வரை உட்காரலாம். இன்டர்நெட் தேவையில்லை என்பதுதான் அதன் பெரிய பலம். தர்மபுரியிலிருந்து ஓசூருக்கு ரயிலில் போனால் மாரண்டஹள்ளி தாண்டி இராயக்கோட்டை வரும்வரை போனில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். அங்கே இதுதான் துணை. ஆனால் எதிரே ஆடும் கம்ப்யூட்டர்கள் சுமார் ரகம். எதற்கு கால் செய்கிறது (எதிரி வைத்த அளவுக்குத் தானும் சிப் வைத்துத் தொடர்வது), எதற்கு ஃபோல்டு செய்கிறது (சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது) என்பதில் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆட்ட விதிகளும், எந்தச் சீட்டுச் சேர்க்கை எதை வெல்லும் என்பதும் மனதில் பதிகிற வரை ஆடலாம். அதற்கு மேல் ஆடினால் கெட்ட பழக்கம்தான் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்லம்பாட் வேறு ஜாதி. கம்ப்யூட்டர்களுக்குள்ளேயே நடக்கும் போக்கர் போட்டியில் 2018இல், இருவர் ஆடும் நோ லிமிட் பிரிவில், அதாவது கையில் உள்ள சிப் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம் என்ற ஆட்டத்தில், ஜெயித்தது. பிரவுசரிலேயே இலவசமாக ஆடலாம். பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயமாக வைக்க வேண்டிய சிப், 50, 100. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு பக்கமும் புதிதாக 20,000 சிப். அது தயவு தாட்சண்யம் பார்க்காது. நீங்கள் பிளஃப் செய்தால் (நல்ல சீட்டு இருப்பதுபோல் பாசாங்கு காட்டினால்) பிடிக்கும், செய்யாவிட்டால் அதையும் பிடிக்கும். அடி வாங்கிக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஆள் கிடையாது என்றுதான் நானும் நினைத்தேன்.

சிக்கல் எங்கே என்றால், போக்கரில் வாங்கிய அடி எதற்கு என்று தெரியாது. உங்கள் கையில் இரண்டு ஆஸ், எதிரி கையில் இரண்டு ராஜா. மேசையில் பொதுச் சீட்டுத் திறப்பதற்கு முன்பே இருவரும் மொத்த சிப்பையும் வைத்துவிட்டீர்கள். நீங்கள் செய்தது நூறு சதவீதம் சரி. ஆனாலும் ஏறக்குறைய ஐந்துக்கு ஒரு தடவை தோற்பீர்கள். தோற்ற அன்று ஸ்லம்பாட் காட்டுவது சிப் குறைந்ததை மட்டும்தான். அசட்டுத்தனமாக கால் செய்து அதிர்ஷ்டத்தில் ஜெயித்த அன்றோ சிப் ஏறியிருக்கும், நீங்களும் தேறிவிட்டதாக நினைத்துக்கொள்வீர்கள்.

நிறைய ஆடினால் அதிர்ஷ்டம் சமன் ஆகிவிடாதா? ஆகும், எப்போது என்பதுதான் கேள்வி. 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் போக்கர் மென்பொருளான லிப்ராட்டஸ் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை பிட்ஸ்பர்க்கில் தோற்கடித்தது. யார் கெட்டி என்று சந்தேகமில்லாமல் தெரிய 1,20,000 ஆட்டம் வைத்தார்கள். அதுவும் போதாதென்று, ஒரு அறையில் மனிதருக்கு வந்த சீட்டை இன்னொரு அறையில் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து அதிர்ஷ்டத்தைக் கழித்தார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நாற்பது ஐம்பது ஆட்டம் ஆடுகிறவன் சிப் கணக்கைப் பார்த்துத் தான் தேறிவிட்டோமா என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஸ்னோவிக்கு நான் சாய்வது இந்த ஒரே காரணத்துக்காக. நியூரல் நெட்வொர்க் (ஆடி ஆடித் தானே கற்றுக்கொள்ளும் முறை) கொண்டு பழக்கிய இந்த மென்பொருள் சிப்பைப் பார்த்து மதிப்பெண் போடுவதில்லை, நீங்கள் எடுத்த முடிவு சரியா என்று பார்த்துப் போடுகிறது. ஃபோல்டு செய்ய வேண்டிய இடத்தில் கால் செய்தால், அந்த ஆட்டத்தில் நீங்கள் ஜெயித்திருந்தாலும் தவறு என்று குறி விழும். எவ்வளவு பெரிய தவறு என்றும் தெரியும். இருவர் மேசை, ஆறு பேர் மேசை, முழு மேசை என்று மாற்றிக்கொள்ளலாம். பிளைண்டில் உட்கார்ந்துகொண்டு குப்பைச் சீட்டுக்கெல்லாம் கால் செய்யும் பழக்கம் எனக்கு இருப்பதே இது குத்திக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. ஸ்லம்பாட்டிடம் அதே பழக்கத்துக்கு எத்தனையோ தடவை சிப் இழந்திருப்பேன், சீட்டு சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

குறையும் உண்டு. சந்தா வருடத்துக்கு வருடம் கட்ட வேண்டும். எவ்வளவு சிப் வைப்பது என்பதை, மேசையில் சேர்ந்திருப்பதில் பாதி, முழுசு, இரட்டிப்பு என்று சில அளவுகளில்தான் அது யோசிக்கும். எதிரியும் ஒழுங்காக ஆடுகிறான் என்று எடுத்துக்கொண்டுதான் புத்தி சொல்லும். எதற்கும் ஃபோல்டு செய்யாத மாமாவிடம் பிளஃப் செய்யாதே என்று அது சொல்லாது, நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். ஜிடிஓ விசார்ட் என்ற இன்னொரு பயிற்சி மென்பொருள் இதைவிடத் துல்லியம் என்று ஆடுகிறவர்கள் சொல்கிறார்கள். நான் அதன் இலவசப் பகுதியை மட்டும் தொட்டுப் பார்த்ததால் அடித்துச் சொல்ல மாட்டேன். அதன் சந்தாவும் டாலரில். டோர்னமென்ட் ஆடுகிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் போக்கர் மென்பொருளான செஃபியஸ் பற்றி யாராவது கேட்பார்கள். 2015இல் வந்தது, கிட்டத்தட்ட தோற்கடிக்கவே முடியாதது, உண்மைதான். ஆனால் அது இருவர் ஆடும் லிமிட் ஆட்டத்துக்கு மட்டும், அதாவது எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு வரம்பு உள்ள ஆட்டத்துக்கு. லிமிட் ஆடுகிறவரை நம் பக்கம் நான் பார்த்ததில்லை.

ஸ்னோவியைச் சில நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்க விடுவார்கள். வேலை நெருக்கடி இருக்கும் வாரத்தில் அதைத் திறந்து வீணாக்காமல், தொடர்ந்து லீவு வருகிற நேரமாகப் பார்த்து ஆரம்பியுங்கள். அதுவரை ஸ்லம்பாட்டோடு ஆடுங்கள், சிப் கணக்கை மட்டும் பார்க்காதீர்கள்.